கடல்தொட்டிக்கு எந்த விளக்கு?



தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள் உடன் கொண்டுவந்த பொருள்கள் பல. வெண்கலப் பானையும், பித்தளைக் குத்துவிளக்கும், பஞ்சாங்கமும், பாட்டுப் புத்தகமும் எங்கும் வந்துவிட்டன. கொண்டுவர இயலாத பொருள் ஒன்று உண்டு. அது கடல். மாதுங்காவில் குடியிருப்பவர்க்குக் கடல் அருகில் இருக்கிறது. தில்லிக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் இல்லை. ஹைதராபாத்தோ தக்காணப் பீடபூமியின்மேல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. மசூலிப்பட்டினத்துக் கரையைக் காணவேண்டுமானாலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யவேண்டும். ஆதலால்தானோ என்னவோ, மாரெட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டியொன்றை வைத்து, உப்பைக் கரைத்து, சிறு கடலொன்றை உண்டாக்கிப் பார்க்கும் ஆசை தோன்றியிருக்கிறது. நல்ல ஆசையே. அந்த ஆசையுடையோர் முதலில் கேட்கும் கேள்வி, தொட்டிக்கு மேல் எந்த விளக்கைப் போடுவது என்பது. இன்றையப் பேச்சில் அதையே எடுத்துக்கொள்வோம்.

நன்னீர் மீன் தொட்டிக்கு இக்கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. ஒரு குழல் விளக்கு போதும். மீன் கண்ணுக்குத் தெரிந்தால் சரி. ஆனால் பவளமும் பவளத்தின் இனத்தைச் சேர்ந்த உயிர்களும் வாழும் தொட்டியில் நிலைமை வேறு. மீனுக்கு விளக்கு அலங்காரம். பவளத்துக்கு விளக்கு அன்னம். விளக்கைத் தவறாகத் தேர்ந்தால் தொட்டி மங்கலாக இருப்பதோடு நிற்காது. உள்ளிருக்கும் உயிர் சில வாரங்களில் பட்டினியால் மாயும், அல்லது வெளிச்சம் தாளாமல் வெந்து வெளுக்கும்.

பவளம் என்றவுடன் நம் மனம் கழுத்துச் சங்கிலிக்குச் செல்கிறது. சார்மினார் பக்கத்துக் கடைகளில் முத்தோடு சேர்ந்து தொங்கும் சிவந்த மணி, நம் பாட்டிமார் தங்கக் குண்டுகளுக்கு இடையில் கோத்து அணிந்த மணி, பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. அந்தச் செம்பவளம் இருண்ட குகைகளிலும் ஆழத்துப் பாறை இடுக்குகளிலும் வளர்வது. அதற்குச் சூரியன் வேண்டியதில்லை. நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்றே காலங் கழிக்கும். ராமேசுவரத்துக் கடலோரத்தில் முருகைக்கல் என்று வழங்குகிறோமே, அந்தக் கல்லைக் கட்டுவது வேறு பவளம். தனுஷ்கோடியில் 1964-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் இடிந்து நிற்கும் மாதாகோவிலின் சுவர்களில் அந்தக் கல்லை இன்றும் காணலாம். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த வீடு. வெளிச்சத்தை நம்பி வாழ்வது இந்தப் பாறைப் பவளமே.

விலங்கினத்தைச் சேர்ந்த ஓர் உயிர் வெளிச்சத்தை நம்பி எப்படி வாழும்? விடை அதன் தசைக்குள் இருக்கிறது. பாறைப் பவளத்தின் மெல்லிய உடலுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பில் பத்து லட்சம் என்ற கணக்கில் அவை நெருங்கி வாழும். பசும் இலை செய்வதையே அவை செய்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைக்கின்றன. சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. வீட்டுக்காரன் தன் கழிவை அவற்றுக்கு உரமாகத் தருகிறான்.

இவ்வுண்மை விஞ்ஞானிகளுக்கும் எளிதில் புலப்படவில்லை. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டுக்குச் சென்ற ஆங்கிலேயக் குழுவின் தலைவர் யங் என்பவர், பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டியில் வைத்துச் சோதித்தார். அவை பாசியை வெளியேற்றினவேயன்றி, இரை கிடைத்தவரையில் சாகவில்லை. ஆகவே பவளம் மாமிசம் உண்ணும் உயிர், பாசி அதற்குச் சோறு போடுவதில்லை என்று அவர் முடிவு கட்டினார். அந்த முடிவு நெடுநாள் செல்லுபடியாயிற்று. 1944-இல் ஜப்பானியர் கவாகுத்தி அந்தப் பாசி எந்த இனத்தது என்று காட்டினார். 1958-இல் மஸ்கட்டைன், ஹாண்ட் என்னும் இருவர் கதிரியக்கக் கரியைக் கொண்டு, பாசி சமைத்த உணவு விலங்கின் தசைக்குள் செல்வதை நேரடியாக நிறுவினர். அவர்கள் சோதித்த விலங்கு பவளம் அன்று. அதன் உறவினமான கடற்சாமந்தி. அடுத்த ஆண்டே கோரோ என்பவர், வெளிச்சத்தில் இருக்கும் பவளம் இருளில் இருப்பதைவிடப் பலமடங்கு விரைவாகச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது என்று கண்டார். யங்கின் சோதனை பொய்யன்று. அதிலிருந்து அவர் எடுத்த முடிவே பிழைத்தது. இருளிலும் சில காலம் உயிர் தரிக்கும், ஆனால் வளராது. வீட்டுத் தொட்டியில் மங்கிய விளக்கின்கீழ் நடப்பதும் இதுவேதான். அன்றன்றைக்குச் சாகாது, ஆகவே உடையவர் எல்லாம் நலம் என்றே எண்ணியிருப்பார்.

விளக்கைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தைப் பற்றிப் பேசியாகவேண்டும். இதைச் சொல்லாமல் விளக்கு வாங்கச் சொல்வது முறையாகாது. நம் நாட்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2001-ஆம் ஆண்டில் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளமும், நெருப்புப் பவளமும், குழல்வாத்தியம் போன்ற செம்பவளக் கூடும், கடல்விசிறிகளும் அச்சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. கடலில் எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். முதற் பட்டியல் உயிரைத் தொட்ட குற்றத்துக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உயிருள்ள பவளமா, செத்த கல்லா என்ற வேறுபாட்டைச் சட்டம் நமக்காகப் பாராட்டுவதில்லை. கல்பவளம் அனைத்தும் காட்டுயிர் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலும் இடம்பெற்றிருப்பதால், அனுமதிப் பத்திரம் இன்றி வெளிநாட்டிலிருந்தும் கொண்டுவர இயலாது. "இந்தோனேசியாவிலிருந்து வந்தது, அச்சமில்லை, எடுத்துச் செல்லுங்கள்" என்று கடைக்காரர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்வாராயின், அந்த வாய்மொழி நம்மைக் காவாது.

சட்டம் இவ்வளவு கடுமையாக ஏன் வந்தது என்பது தமிழராகிய நமக்கு அந்நியச் செய்தி அன்று. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிய பவளத் திட்டுகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கார்பைடுத் தொழிற்சாலைக்கும் படகு படகாக ஏற்றிய காலம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1986-இல் அப்பகுதி 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்குள் சேதம் நேர்ந்துவிட்டது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்கடியில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்துநின்ற முருகைக்கல் வேலி போனபின் மணல்தீவு நிற்குமா? தூத்துக்குடியை அடுத்த வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல் அதன் முன்னால் சிமிட்டியால் ஆன செயற்கைத் திட்டுகளை இறக்கிவைக்க நேர்ந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலிலேயே சட்டங்களில் கட்டி நட்டு வளர்த்துவருகின்றனர். அங்கே ஒரு விரலளவுத் துண்டைப் பிழைக்க வைப்பதற்கு மனிதர்கள் மூச்சடக்கி மூழ்கிக்கொண்டிருக்க, இங்கே அதே துண்டு கூடத்து அழகுக்காகப் பாலிதீன் பையில் வந்து சேருவது நியாயமாகத் தோன்றவில்லை.

அப்படியாயின் நம் தொட்டியில் என்னதான் வைப்பது? வைக்கத்தக்கவை இல்லாமற் போகவில்லை. மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன் இனங்கள் பலவற்றைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையைக் கைவரச் செய்துள்ளனர். ஆகவே கடலைத் தொடாமலே கடல்மீன் வைத்துக்கொள்ளலாம். உயிர்ப்பாறை என்று விற்கப்படும் முருகைக்கல்லுக்குப் பதிலாகச் சிமிட்டியிலோ சுட்ட மண்ணிலோ செய்த பாறை வைக்கலாம். ஆறு மாதத்தில் அதன்மேல் பாசியும் நுண்ணுயிரும் படர்ந்து உண்மைப் பாறைபோலவே ஆகிவிடும். கடற்பாசி இனங்கள் இருக்கின்றன. திராட்சைக் குலைபோல் தொங்குவதும், சுண்ணாம்புத் தகடுகளைக் காசுபோல் கோத்ததுமான பாசிகள் பவளத்துக்கு அழகில் குறைந்தவை அல்ல. கடற்சாமந்தியும் உண்டு. ஆனால் அது எங்கிருந்து, யாரால், எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதற்குச் சீட்டு இருந்தாலன்றி வாங்கலாகாது என்பது நம் கருத்து. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் எடுத்ததாயின் அதுவும் குற்றமே. தொட்டிக்கு ஆறு மாதமேனும் நிறையாத வரையில் அதை உள்ளே விடுவதும் அதைக் கொல்வதற்குச் சமம்.

கோமாளி மீன் மட்டும் போதும் என்பவர்க்கு இப்பேச்சே தேவையில்லை. கண்ணுக்கு இனிதாக எந்த விளக்கும் போடலாம். கடற்பாசியும் கடற்சாமந்தியும் வேண்டுவோர்க்குப் பவளத்துக்குரிய விளக்குச் சாஸ்திரம் முழுவதும் பொருந்தும். மஸ்கட்டைன் சோதனையை நினைவு கூர்க. கடற்சாமந்தியின் தசைக்குள்ளும் அதே பாசி இனமே குடியிருக்கிறது.

கடையில் விளக்குப் பெட்டியை எடுத்தால் அதன்மேல் மூன்று எண்கள் காணப்படும். வாட், லூமென், கெல்வின். மூன்றும் நமக்கு நேராக விடை சொல்லா. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம்; தரும் வெளிச்சம் அன்று. லூமென் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்து மஞ்சட்பச்சையை மிகுதியாகவும், நீலத்தை மிகக் குறைவாகவும் உணர்வது. பாசியோ நீலத்தையே பெரிதும் விரும்புவது. ஆகவே லூமென் அதிகமுள்ள விளக்கு நமக்குப் பிரகாசமாகவும் பாசிக்குப் பட்டினியாகவும் இருக்கக்கூடும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம். பழைய இழை பல்பு 2,700. நண்பகல் சூரியன் ஏறத்தாழ 5,500. வீட்டுக் குழல் விளக்கு 6,500. கடல்தொட்டிக்கென்று விற்கும் விளக்குகளில் 14,000 என்றும் 20,000 என்றும் இருக்கும். எண் ஏற ஏற நீலம் மிகும்.

நீலம் ஏன் என்று கேட்கலாம். கடல்நீர் வெள்ளொளியைச் சமமாக விழுங்குவதில்லை. முதலில் சிவப்பை விழுங்குகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு ஏறக்குறைய இல்லை. பிறகு ஆரஞ்சு, மஞ்சள். தெளிந்த நீரில் மிக ஆழம் செல்வது 475 நானோமீட்டரை ஒட்டிய நீலம். பவளத்துப் பாசி அந்த நீலத்தையே உண்டு வாழப் பழகிய இனம். 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான பகுதி விளக்கில் நிறைவாக இருந்தால் உணவுக்குக் குறைவில்லை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெளிநாட்டு விளக்குக்காரர்கள் தெளிந்த பெருங்கடலில் பல மீட்டர் ஆழத்து நிலையை மனத்தில் வைத்து விளக்கு அமைக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாத் திட்டுகள் பெரும்பாலும் அரை மீட்டர் முதல் ஐந்து மீட்டருக்குள் இருப்பவை, நீரும் கலங்கல். ஆகவே அங்குள்ள உயிர்கள் வெள்ளையும் பச்சையும் கலந்த வெளிச்சத்தில் வாழ்ந்தவை. வெறும் நீல விளக்கில் சில உயிர்கள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் ஒளிர்வது உண்மை. அவற்றிலுள்ள ஒருவகைப் புரதம் நீலத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருகிறது. அந்தக் காட்சிக்காகவே கருநீல விளக்கை விற்பார்கள். அது நம் கண்ணுக்கு விருந்து. நம் கருத்தில், வெள்ளையும் நீலமும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் கூடிய விளக்கே இங்குள்ளோர்க்கு உகந்தது.

இனி, தேவைப்படும் உண்மையான எண் எது? 400 முதல் 700 நானோமீட்டருக்குள் அடங்கும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே அது. மைக்ரோமோல் என்ற அலகில் அளப்பர். தொட்டி வைப்பவர்கள் அதனைச் சுருக்கமாகப் 'பார்' என்கிறார்கள். நம் கடலோர மக்கள் முத்துப் பார், சங்குப் பார் என்று கடலடித் திட்டுகளைக் குறிப்பதும் 'பார்' என்ற சொல்லாலேயே. இரண்டுக்கும் உறவில்லை, ஆயினும் பாருக்குப் பார் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

மேகமற்ற நண்பகலில் கடல்மேல் விழும் வெயில் 2,000 மைக்ரோமோல் அளவு. நாம் இரவில் புத்தகம் படிக்கும் அறையின் வெளிச்சம் 10-ஐக்கூட எட்டுவதில்லை! கண் தன்னைத்தானே திருத்திக்கொள்வதால் இந்த இருநூறு மடங்கு வேறுபாடு நமக்குத் தோன்றுவதில்லை. ஆகவே கண்ணால் பார்த்து "நல்ல வெளிச்சம்" என்று தீர்மானிப்பதில் பயனில்லை. கடற்பாசிக்கு 50 முதல் 150 வரை போதும். கடற்சாமந்திக்கு 100 முதல் 250 வரை வேண்டும். பெரிய காட்சிச்சாலைகளில் வளர்க்கும் கிளைவிட்ட கல்பவளங்களுக்கு 250-க்கு மேல் 400 வரை தருகிறார்கள். அதற்குமேல் கொடுத்தால் பயன் ஏறுவதில்லை. பாசியால் செலவழிக்க முடியாத வெளிச்சம் நச்சுத்தன்மையுள்ள பிராணவாயு வடிவங்களை உண்டாக்க, விலங்கு பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அதுவே வெளுத்தல்.

இந்த அளவை உயிர் இருக்கும் இடத்தில், நீருக்குள்ளே அளக்கவேண்டும். விளக்கின் அடியில் அன்று. தொட்டியின் மேல்மட்டத்தில் 400 இருக்கும். 45 சென்டிமீட்டர் கீழே மணலில் 80 இருக்கலாம். அளவுமானி விலை மிகுந்த கருவி. கைபேசியில் வரும் லக்ஸ் அளவியை நம்பினால், அதுவும் மனிதக் கண்ணின் கணக்கானதால், நீல விளக்கில் மிகக் குறைத்தே காட்டும். ஊரில் இத்தொட்டி வைத்திருக்கும் நான்கைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரு கருவி வாங்கி, வீடு வீடாகச் சுற்றவிடுவது நல்ல ஏற்பாடு. மாதம் ஒருமுறைகூட அது ஒருவருக்குத் தேவைப்படாது.

விளக்கு வகைகளைப் பொறுத்தவரை நெடும் ஆராய்ச்சி வேண்டியதில்லை. இழை பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்குவது, விலக்குக. குழல் விளக்கில் மெலிந்த டி-5 வகை நல்லது. தொட்டியெங்கும் நிழலின்றி ஒரே சீராக ஒளி பரப்புவதில் இன்றும் அதற்கு இணை இல்லை. ஆனால் உட்பூச்சு தேய்வதால் எரிந்துகொண்டிருக்கும்போதே சத்து இழக்கும்; ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மெட்டல் ஹாலைடு விளக்கு ஒரு காலத்தில் கடல்தொட்டிக்காரர்களின் அரசனாக இருந்தது. ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளியாதலால், சிற்றலைகளின் நிழல் மணலில் நெளிந்தாடுவது கரையோர நீரைப் பார்ப்பதுபோலவே இருக்கும். அந்த அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் 250 வாட் விளக்கு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு இரண்டரை யூனிட், மாதத்துக்கு 75 யூனிட். மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அது வீட்டை மேற்படிக்குத் தள்ளிவிடும். அதன்மேல், வெப்பமும் நீரில் இறங்கும்; ஹைதராபாத்தின் மே மாதத்தில் அதனை எரிப்பது அடுப்பின்மேல் தொட்டியை வைப்பதற்கு ஒப்பு.

எஞ்சியது எல்.ஈ.டி. விளக்கு. நூறு வாட்டில் மேற்படி வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். மாதம் 30 யூனிட். வெப்பம் மேலே உலோகத் தகட்டின் வழியே காற்றில் போகும். நிறத்தையும் அளவையும் திருத்தலாம். இங்குள்ள நிலைமைக்கு இதையே வாங்குமாறு சொல்வோம். குறை இல்லாமல் இல்லை. லென்ஸ் பொருத்திய விளக்குகள் ஒளியை ஈட்டிபோல் ஓரிடத்தில் பாய்ச்சும். நடுவில் 500, ஓரத்தில் 40 என்று ஆகும். ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகளை இடைவெளி விட்டுத் தொங்கவிடுவது மேல். அகன்ற லென்ஸ் உள்ளதாகப் பார்த்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை உயரத்தில் வைத்து, அளந்து பார்த்து ஏற்றி இறக்குக. உப்புநீர்த் துளி பட்டால் துருப்பிடிக்காத கூடும், நில இணைப்புள்ள மின்செருகியும் இருத்தல் அவசியம். கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவது.

ஜன்னல் வெயிலே இலவசமாகக் கிடைக்க விளக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். ஹைதராபாத்தில் மே 9-ஆம் தேதியை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்று, நட்ட கம்பத்துக்கு நிழலே விழாது. இத்தனை வெயில் உள்ள ஊரில் கேள்வி நியாயமானதே. ஆனால் ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழும், மாதத்துக்கு மாதம் இடம் மாறும், கண்ணாடிச் சுவரில் பாசி படரும், நீர் சுடும். மண்டபத்துக் கடலில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரமே வேறுபாடு. அங்குள்ள உயிர்கள் ஒழுங்குக்குப் பழகியவை. ஆகவே தொட்டியை உட்சுவர் ஓரம் வைத்து, விளக்கை நேரங்காட்டும் சுவிட்சில் இணைத்து, நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரியவிடுக. இரவில் முழு இருள் வேண்டும். கூடத்து விளக்கு நள்ளிரவு வரை எரியும் வீடுகளில் தொட்டிக்கு ஒரு திரை போடுவது நல்லது. 

மின்தடை பற்றி ஒரு சொல். விளக்கு இரண்டு மணி நேரம், ஏன் ஒரு நாள் முழுதும் அணைந்தாலும் உயிருக்குக் கேடில்லை. மேகமூட்டமான நாள் என்று அது எண்ணிக்கொள்ளும். நீரைச் சுழற்றும் பம்பு நின்றாலோ பிராணவாயு குறைந்து மீன் சாகும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கவேண்டியது பம்பு, விளக்கன்று. பல இல்லங்களில் விளக்கை இணைத்துவிட்டுப் பம்பை விட்டுவிடுகிறார்கள்!

புது விளக்கை வாங்கிய அன்றே முழு அளவில் எரிப்பதும் வழக்கமாகக் காணப்படும் கேடு. பாசி தன் எண்ணிக்கையைப் புது வெளிச்சத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள மூன்று நான்கு வாரங்கள் பிடிக்கும். மூன்றிலொரு பங்கில் தொடங்கி வாரந்தோறும் சிறிது ஏற்றுக. கடற்சாமந்தி நமக்கு ஓரளவு குறிப்பும் காட்டும். அது இடம் விட்டு நகரக்கூடிய உயிர். பாறைமேல் ஏறி விளக்கை நோக்கி உடலை நீட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று ஊகிக்கலாம். பாறைக்கு அடியில் ஒளிந்து சுருங்கினால் மிகுதி. நீரோட்டம் பிடிக்காவிட்டாலும் இடம் மாறுமாதலால் உடனே முடிவு கட்டாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். தண்ணீரும் கணக்கில் சேரும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் நைட்ரேட்டும் தேவையற்ற பாசியை வளர்க்க, பழி விளக்கின்மேல் விழுகிறது. வடிகட்டித் தூய்மையாக்கிய நீரில்தான் கடல் உப்பைக் கரைக்கவேண்டும்.

வெப்பம் வெளிச்சத்தின் உடன்பிறப்பு. நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கும்போது தாங்கக்கூடிய வெளிச்சமே, 31 டிகிரியில் நஞ்சாகும். கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் இவ்வூரில் மூடிய வீட்டுத் தொட்டி எளிதில் 32-ஐத் தொடும். இதில் ஹைதராபாத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. இங்குள்ள ஏப்ரல் மாதக் காற்று வறண்ட காற்று. நீரின்மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் நீராவி விரைந்து போய், இரண்டு மூன்று டிகிரி குறையும். சென்னையின் புழுக்கத்தில் இதே விசிறி இவ்வளவு வேலை செய்யாது. ஆவியான அளவுக்கு உப்பில்லாத தூய நீரை அன்றாடம் ஊற்றிவரவேண்டும்; உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.

கடலிலும் இதே கதைதான் நடக்கிறது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998-இலும், 2010-இலும், 2016-இலும் கோடை வெப்பத்தில் வெளுத்தன. அந்தச் செய்தியை முன்கூட்டி அறியும் நிலையம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? தூத்துக்குடியில் அன்று; மண்டபத்திலும் அன்று. கடலே இல்லாத ஹைதராபாத்தில், நிஜாம்பேட்டையை அடுத்த பிரகதி நகரில் இருக்கிறது. 1999-இல் ஏற்பட்ட இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அது. மீன் கூட்டம் எங்கே சேரும் என்று மீனவர்க்குச் சொல்வதும், சுனாமி எச்சரிக்கை தருவதும் அதன் பணிகள். 2011 முதல் பவளம் வெளுக்கும் அபாயத்தையும் அது அறிவித்துவருகிறது. செயற்கைக்கோள் காட்டும் கடற்பரப்பு வெப்பத்தைக் கொண்டு, அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்திடங்களில், வழக்கமான கோடை உச்சத்தைவிட எவ்வளவு மிகுந்தது, எத்தனை வாரம் நீடித்தது என்று கணக்கிடுகிறார்கள். ஒரு டிகிரி மிகுதி நான்கு வாரம் நின்றால் வெளுக்கத் தொடங்கும். எட்டு வாரம் நின்றால் சாவு தொடங்கும் என்பது உலக வழக்கிலுள்ள கணக்கு. அறிவிப்பு அம்மையத்தின் இணையப் பக்கத்தில் யாவரும் பார்க்கும்படி இருக்கிறது.

கடலில் வெயிலைக் குறைக்க நம்மால் ஆகாது, தொட்டியில் ஆகும். ஏப்ரல் பிற்பாதியில் மன்னார் வளைகுடாவுக்கு எச்சரிக்கை வந்திருப்பதைக் கண்டால், அதே நாள்களில் உங்கள் தொட்டி நீரும் ஏறிக்கொண்டிருக்கும். அன்றே விளக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, எரியும் நேரத்தை ஏழு மணியாக்கி, நண்பகலுக்குப் பதிலாக மாலை மூன்று மணிக்கு ஏற்றி இரவு பத்துக்கு அணையும்படி சுவிட்சைத் திருப்பி வையுங்கள். ஜூன் மாதத்தில் மேகம் திரண்டு முதல் மழை பெய்து, நீர் 28 டிகிரிக்குக் கீழ் இறங்கி ஒரு வாரம் நிலைத்தபின், வாரத்துக்குச் சிறிதாகப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.